அவசர மருத்துவ ஹெலிகாப்டர்: புறப்படும் அவசரத்துக்கு நடுவே படிவங்களை முறையாக முடிப்பது எப்படி?

அவசர மருத்துவ ஹெலிகாப்டர் நிலையத்தில் அழைப்பு மணி ஒலித்தவுடன் விமானியின் மீது இரண்டு கடமைகள் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. எங்கோ காத்திருக்கும் நோயாளியிடம் மருத்துவக் குழுவை விரைந்து கொண்டு சேர்ப்பது ஒன்று. வானிலை, எரிபொருள், எடை, பராமரிப்புப் பதிவு, வழியிலுள்ள தடைகள், தன்னுடைய உடல்நிலை ஆகிய அனைத்தையும் பார்த்து, எழுதி, கையொப்பமிட்டு, இந்தப் பயணத்தை மேற்கொள்ளலாம் என்று உறுதி கூறுவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாகத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கிறது: இரண்டாவது கடமை முழுவதையும் அழைப்பு வந்த பிறகே செய்ய முயல்கிறோம். பணி ஏற்கும் நேரத்திலேயே அதில் பெரும்பகுதியை முடித்து வைத்துவிட்டால், மணி ஒலித்த பின் மிஞ்சுவது சில நிமிட வேலை மட்டுமே. அந்தச் சில நிமிடங்களை எந்த நோயாளியின் பொருட்டும் சுருக்கக் கூடாது.

கீழே வரும் வழிமுறைகளில் அமெரிக்க விதிகளைச் சில இடங்களில் எடுத்துக்காட்டியிருக்கிறேன். இத்துறைக்கென்றே தனியாக, எண்களோடு எழுதப்பட்ட விதிகள் அவை என்பதே காரணம். உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதியும் உங்கள் நிறுவனத்தின் இயக்கக் கையேடும் என்ன சொல்கின்றனவோ அவையே உங்களைக் கட்டுப்படுத்தும்.

படிவம் எதற்காக இருக்கிறது

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2006 ஜனவரியில் வெளியிட்ட சிறப்பு அறிக்கை, 2002 ஜனவரி முதல் 2005 ஜனவரி வரை அவசர மருத்துவப் பறப்புகளில் நிகழ்ந்த 55 விபத்துகளை ஆராய்ந்தது. அவற்றில் 54 பேர் இறந்திருந்தார்கள். அந்த 55 விபத்துகளில் 29, தான் பரிந்துரைத்த திருத்தங்கள் நடைமுறையில் இருந்திருந்தால் தவிர்க்கப்பட்டிருக்கக் கூடியவை என்று வாரியம் கூறியது. புறப்படுமுன் முறையாக இடர் மதிப்பீடு செய்வது அப்பரிந்துரைகளில் ஒன்று. 2014இல் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் அதை விதியாக்கியது. ஒவ்வொரு மருத்துவப் பயணத்தின் முதல் கட்டத்துக்கு முன்பும் விமானி இடர் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பி, நாளும் நேரமும் குறித்துக் கையொப்பமிட வேண்டும். நிறுவனம் அதை 90 நாள் பாதுகாக்க வேண்டும். பயணத்தின் தன்மை, வானிலை ஆகியவற்றோடு, விமானியின் களைப்பும் சொந்த வாழ்க்கையின் மன அழுத்தமும் கூட அந்த மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். இதே அழைப்பை வேறு நிறுவனம் ஏற்கெனவே மறுத்திருக்கிறதா என்று கண்டறியும் முறையும் அதில் இருக்க வேண்டும்.

விதி வந்த பிறகும் விபத்து நிகழ்ந்தது. 2019 ஜனவரி 29 அன்று, விடியுமுன், ஒஹாயோ மாநிலத்தின் ஸலெஸ்கி அருகே பெல் 407 வகை ஹெலிகாப்டர் ஒன்று பனிப்பொழிவுக்குள் சென்று குன்றில் மோதியதில், நோயாளியை ஏற்றிவரச் சென்றுகொண்டிருந்த மூவரும் இறந்தார்கள். வேறு இரண்டு நிறுவனங்கள் அந்த அழைப்பை முன்னரே மறுத்திருந்தன. பணி மாறும் வேளையில், முந்தைய பணிமுறையின் விமானி அழைப்பை ஏற்க, அடுத்து வந்த விமானி பறந்து சென்றார். பறந்தவர் இடர் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பவில்லை. படிவத்தை விட்டுவிட்டுப் புறப்படுவதை வழக்கமாக மாறவிட்ட நிறுவன நடைமுறையையே விசாரணை முதன்மைக் காரணமாகச் சுட்டியது.

இந்த நிகழ்விலிருந்து ஒரு விதியை உடனே எடுத்துக்கொள்ளலாம். அழைப்பை ஏற்பவரும், படிவத்தை நிரப்புபவரும், பறப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும். பணி மாறும் அரைமணி நேரத்தில் அழைப்பு வந்தால், முந்தையவர் “சரி” என்று சொல்லியிருந்தாலும், பறக்கப் போகிறவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்துத் தம்முடைய முடிவைத் தாமே கூற வேண்டும்.

பணி ஏற்கும் நேரத்தில் முடிக்க வேண்டியவை

பணிமுறையின் முதல் ஒரு மணி நேரம் மிகவும் மதிப்புள்ளது. அப்போது யாரும் உங்களுக்காகக் காத்திருப்பதில்லை. மனம் அமைதியாக இருக்கும். பின்னர் நெருக்கடியில் எடுக்க வேண்டிய முடிவுகளில் பாதியை அந்த வேளையிலேயே எடுத்து வைத்துவிடலாம்.

முதலில் பராமரிப்புப் பதிவேட்டைத் திறவுங்கள். அடுத்த கட்டாயப் பரிசோதனைக்கு எத்தனை பறப்பு மணி மீதமிருக்கிறது, சரிசெய்வது தள்ளிவைக்கப்பட்ட குறைபாடு ஏதேனும் உண்டா, அக்குறைபாட்டோடு இரவில் பறக்க அனுமதி உண்டா என்பவற்றைப் பார்த்து ஒரு சிறு அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். பகலில் பறப்பதற்குத் தடையாகாத ஒரு விளக்குக் கோளாறு, மாலை 6 மணிக்கு மேல் அந்த ஹெலிகாப்டரைத் தரையிலேயே நிறுத்திவிடலாம். அதை அழைப்பு வந்த பிறகு கண்டுபிடிப்பது அனைவருக்கும் இழப்பு.

அடுத்தது எரிபொருள். நிலையத்துக்கென ஒரு வழக்கமான எரிபொருள் அளவு வரையறுக்கப்பட்டிருந்தாலும், தொட்டியில் உண்மையில் அந்த அளவுதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மின்சாரத்தை இயக்கி, அளவுகாட்டியைக் கண்ணால் பார்த்து, அந்த எண்ணைக் கையால் எழுதுங்கள். 2011 ஆகஸ்ட் 26 அன்று மிசூரி மாநிலத்தின் மோஸ்பி அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்த ஹெலிகாப்டரில் விமானி, செவிலியர், பாராமெடிக், நோயாளி ஆகிய நால்வரும் இறந்தார்கள். எரிபொருள் குறைவாக இருப்பது புறப்படுமுன் செய்யும் சோதனைகளில் பிடிபடவில்லை. பறக்கத் தொடங்கிய பின், இரண்டு மணி நேரத்துக்கான எரிபொருள் இருப்பதாக வானொலியில் அறிவிக்கப்பட்டது. உண்மையில் இருந்தது ஏறத்தாழ அதில் பாதி. எரிபொருள் நிரப்புவதற்காகச் சென்றுகொண்டிருந்த விமான நிலையத்தை அடைய ஏறத்தாழ ஒரு மைல் இருக்கும்போது என்ஜின் நின்றது. பணி நேரத்தில் விமானி தனிப்பட்ட குறுஞ்செய்திகளில் ஈடுபட்டிருந்ததையும், அவருடைய களைப்பையும் விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. “இரண்டு மணி நேரம்” என்று சொல்வதற்கு முன் கண் ஒருமுறை அளவுகாட்டியின் மேல் பட்டிருந்தால் போதும் என்பதை நினைக்கும்போது, எழுதும் எண்ணை மட்டுமே வாயால் சொல்லும் பழக்கம் எவ்வளவு முக்கியமானது என்று விளங்கும்.

எடை, சமநிலைக் கணக்கைப் பொறுத்தவரை, அழைப்பு வந்த பிறகு கால்குலேட்டரைத் தேடும் நிலை இருக்கவே கூடாது. அன்றைய குழுவினரின் உடல் எடையை உடை, தலைக்கவசம், பை ஆகியவற்றோடு சேர்த்துக் கேட்டு எழுதிக்கொண்டு, நோயாளியின் எடை 60, 80, 100, 120 கிலோ என்றும், எரிபொருள் மூன்று வெவ்வேறு அளவுகள் என்றும் வைத்து ஒரு பன்னிரண்டு கட்ட அட்டவணை போட்டுவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மொத்த எடையும், ஈர்ப்பு மையம் வரம்புக்குள் இருக்கிறதா என்பதும் இருந்தால் போதும். விமான எரிபொருள் 100 லிட்டர் ஏறக்குறைய 80 கிலோ எடை கொண்டது. வழியில் எவ்வளவு எரிந்தால் இன்னும் எவ்வளவு கனமான நோயாளியை ஏற்றலாம் என்பதை இந்த ஒரு எண்ணைக் கொண்டே மனக்கணக்காகப் போட்டுவிடலாம். சில ஒற்றை என்ஜின் வகைகளில் தூக்குப்படுக்கை விமானிக்குப் பக்கவாட்டில், முன்னிருந்து பின்னாக நீண்டு கிடக்கும். அத்தகைய ஹெலிகாப்டரில் நோயாளியின் எடை மொத்தத்தைக் கூட்டுவதோடு நில்லாமல், ஈர்ப்பு மையத்தை நீளவாக்கிலும் பக்கவாட்டிலும் நகர்த்திவிடும் என்பதால் அட்டவணையை இன்னும் கவனமாகப் போட வேண்டும்.

திறன் கணக்கும் அப்படியே. தரையின் தாங்கல் (சுழலி கீழே தள்ளும் காற்று தரையில் பட்டுத் தரும் உதவி) இல்லாத உயரத்தில் அந்தரத்தில் நிற்கத் தேவையான திறன், அன்றைய வெப்பத்தில் எவ்வளவு எடை வரை கிடைக்கும் என்பதைப் பிற்பகலின் உச்ச வெப்பநிலையை வைத்தே கணக்கிடுங்கள். காலையின் குளிர்ந்த காற்றை வைத்துப் போட்ட கணக்கு மதியம் 3 மணிக்குப் பொய்யாகிவிடும். கடல் மட்டத்திலிருந்து 2,000 அடி உயரத்தில் உள்ள ஒரு திடலில் வெப்பம் 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தில் இயல்பானதாகக் கொள்ளப்படும் தர வெப்பநிலை 11 டிகிரி. வித்தியாசமான 24 டிகிரியை, டிகிரிக்கு ஏறக்குறைய 120 அடி என்ற கணக்கில் பெருக்கிக் கூட்டினால், அடர்த்தி உயரம் (காற்றின் அடர்த்தியை வைத்துக் கணக்கிடும் உயரம்) 4,900 அடிக்கு அருகில் வருகிறது. சுழலியும் என்ஜினும் அந்த உயரத்தில் இருப்பதாகவே நடந்துகொள்ளும். மரங்கள் சூழ்ந்த திடலிலிருந்து நோயாளியோடு செங்குத்தாக எழ வேண்டியிருக்கும்போது இதுவே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

வானிலையை இந்த வேளையில் பார்க்கும்போது, இப்போது பறக்க முடியுமா என்ற கேள்வியோடு நிறுத்திவிட வேண்டாம். எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எது மோசமாகும் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள இடைவெளி மாலையில் இரண்டு மூன்று டிகிரியாகச் சுருங்கி, காற்றும் அடங்கினால், இரவில் மூடுபனி எதிர்பார்க்கப்பட வேண்டியதே. அமெரிக்க விதிப்படி, கட்டுப்பாடற்ற வான்வெளியில், மலையில்லாத உள்ளூர்ப் பகுதிக்குள் பகலில் மேகத்தின் அடிமட்டம் 800 அடியும் பார்வைத்தூரம் 2 மைலும் குறைந்தபட்சம். இரவுப் பார்வைக் கருவியோ நிலப்பரப்பு எச்சரிக்கைக் கருவியோ இல்லாத இரவில் அது 1,000 அடி, 3 மைல். அதே நிலையில் மலைப்பகுதியாக இருந்தால் 1,500 அடி, 3 மைல். உங்களுக்கு எந்த எண்கள் பொருந்துமோ அவற்றையும், அவற்றுக்கு மேல் நீங்களே உங்களுக்கு விதித்துக்கொள்ளும் வரம்பையும் அட்டையில் எழுதுங்கள். சொந்த வரம்பை மணி ஒலிப்பதற்கு முன்பே எழுதி வைத்தவர் அதை மீறுவதற்குத் தயங்குவார். மனத்தில் மட்டும் வைத்திருப்பவரின் வரம்பு அழைப்பின் குரலைக் கேட்டதும் இறங்கிவிடும்.

இவற்றைக் கொண்டு இடர் மதிப்பீட்டுப் படிவத்தின் மாறாத பகுதிகளை நிரப்பிவிடலாம்: ஹெலிகாப்டரின் நிலை, குழுவினரின் அனுபவம், முந்தைய தூக்கம், பணி நேரம், பொதுவான வானிலை. மிஞ்சியிருப்பது போகுமிடமும் நேரமும் சார்ந்த பகுதி.

மணி ஒலித்த பிறகு

முதல் விதி, உட்கார்ந்து செய்யுங்கள். நடந்துகொண்டே கைப்பேசியில் வானிலை பார்ப்பது, ஹெலிகாப்டரில் ஏறிய பின் மடியில் வைத்துப் படிவத்தை நிரப்புவது ஆகியவை நேரத்தை மிச்சப்படுத்துவதாகத் தோன்றினாலும், கண் பார்த்ததை மனம் ஏற்காமல் போவது அத்தகைய வேளைகளில்தான். அதிகாலை 3 மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு இது இன்னும் பொருந்தும். விழித்த முதல் சில நிமிடங்களுக்கு அறிவு முழு வேகத்தில் இயங்காது. நல்ல வெளிச்சத்தில் அமர்ந்து, எண்களை வாய்விட்டுப் படித்து எழுதுங்கள்.

இந்த வேளையில் பார்க்க வேண்டியவை குறைவு. புறப்படும் இடம், வழி, நோயாளி இருக்குமிடம், மருத்துவமனை, திரும்பும் நிலையம் ஆகிய அனைத்தின் தற்போதைய வானிலையும் முன்கணிப்பும். வழியிலுள்ள மிக உயர்ந்த நிலமும் கோபுரமும். நோயாளியிடம், மருத்துவமனைக்கு, நிலையத்துக்கு என மூன்று பறப்புகளுக்கும் சேர்த்து எரிபொருள். எடை அட்டவணையில் பொருந்தும் கட்டம். படிவத்தின் மீதிப் பகுதியும் கையொப்பமும். தடைகளைப் பொறுத்தவரை, அமெரிக்க விதி வழியிலுள்ள எதையும் பகலில் 300 அடியும் இரவில் 500 அடியும் குறையாமல் மேலே கடக்கும் உயரத்தைப் புறப்படுமுன் கண்டறிந்து பதிவு செய்யச் சொல்கிறது. அடிக்கடி செல்லும் மருத்துவமனைகளுக்கு இந்த உயரத்தை முன்பே கணக்கிட்டு ஒட்டி வைத்துவிட்டால், சாலை விபத்து போன்ற புதிய இடங்களுக்கு மட்டும் வரைபடத்தைப் பார்த்தால் போதும். எழுதிய அந்த உயரத்துக்கு மேகம் இடம் தருகிறதா என்று அடுத்த வரியிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்விரண்டு எண்களையும் தனித்தனிப் பக்கங்களில் வைத்திருக்கும் படிவம் குறையுள்ள படிவம் என்றே கருதுகிறேன்.

இன்னும் ஒன்றைப் புறப்படுமுன் எழுத வேண்டும்: எந்த நிலையில் திரும்பிவிடுவேன் என்பது. வானிலை காரணமாக வேகம் திட்டமிட்டதைவிட 30 நாட் (விமான வேகத்தின் அலகு) குறைந்தாலோ, எழுதிய குறைந்தபட்ச உயரத்துக்கு இறங்க நேர்ந்தாலோ, உடனே திரும்புவது அல்லது தரையிறங்குவது என்ற அளவுகோல் இத்துறையில் பரிந்துரைக்கப்பட்டு வருகிறது. மேகம் சிறிது சிறிதாகத் தாழும்போது விமானியும் தம்மை அறியாமல் சிறிது சிறிதாக வேகத்தையும் உயரத்தையும் விட்டுக்கொடுக்கிறார். முழங்காலில் கட்டிய தாளில் அந்த எண் எழுதப்பட்டிருந்து, செவிலியருக்கும் பாராமெடிக்குக்கும் அது முன்பே சொல்லப்பட்டிருந்தால், மூவரில் ஒருவராவது அதைக் கவனித்துச் சொல்வார்.

நோயாளியின் நிலை தெரியாமல் முடிவெடுத்தல்

அவசரத்துக்கும் கவனத்துக்கும் இடையிலான சமநிலையைக் காப்பதில் இதைவிடப் பயனுள்ள நடைமுறை இல்லை. அழைப்பை அனுப்பும் மையம் விமானியிடம் இடம், தூரம், தேவைப்பட்டால் நோயாளியின் எடை ஆகியவற்றை மட்டும் சொல்ல வேண்டும். நோயாளி குழந்தை என்பதோ, உயிர் ஊசலாடுகிறது என்பதோ, “போகலாம்” அல்லது “முடியாது” என்ற பதில் வரும் வரை விமானியின் காதில் விழக் கூடாது. குழந்தை என்று கேட்ட பிறகு 900 அடி மேகத்தை 1,000 அடியாகப் பார்க்காத மனிதர் அரிது. அதில் இழிவு எதுவும் இல்லை, அது இரக்கத்தின் இயல்பு. அதனால்தான் அந்த இரக்கத்தை மருத்துவக் குழுவிடம் விட்டுவிட்டு, விமானியை வானிலையோடும் எண்களோடும் மட்டும் தனியே விட வேண்டியிருக்கிறது. மருத்துவக் குழுவும் தயாராகும் அறையில் நோயாளியைப் பற்றி விமானியின் முன் பேசாமலிருக்கப் பழக வேண்டும்.

முடிவு விமானியுடையதாக இருந்தாலும், மறுக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. குழுவினர் அனைவரும் சம்மதித்தால் மட்டுமே பயணம். ஒருவர் வேண்டாம் என்றால் பயணம் இல்லை, அதற்கு விளக்கமும் கேட்பதில்லை. கட்டுப்பாட்டு மையத்தில் இருப்பவர் தனியாக வானிலையைப் பார்த்து விமானியின் மதிப்பீட்டோடு ஒப்பிடுவதும் இதே நோக்கத்துக்காகத்தான். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மருத்துவ ஹெலிகாப்டர்களை இயக்கும் நிறுவனம் அத்தகைய மையத்தை வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி கூறுகிறது. மையத்தைக் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “இந்த அழைப்பை இதற்கு முன் வேறு யாராவது மறுத்தார்களா?” மறுத்திருந்தால், ஏன் என்று தெரியும் வரை கையொப்பமிட வேண்டாம்.

மதிப்பெண் தரும் படிவங்களில் ஓர் ஆபத்து இருக்கிறது. மொத்தம் ஒரு வரம்பைத் தாண்டினால் மேலாளரின் ஒப்புதல் பெற வேண்டும் என்பதால், கை தானாகவே வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் எண்களைத் தேடத் தொடங்கும். நிலையப் பொறுப்பாளர்கள் மாதத்துக்கு ஒருமுறை பழைய படிவங்களை அன்றைய வானிலைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எல்லா நாள்களிலும் ஒரே மதிப்பெண் வருகிறதென்றால், படிவம் நிரப்பப்படுகிறதே தவிர மதிப்பீடு நடக்கவில்லை. மதிப்பெண் குறைவாக இருந்தும் மனம் ஒப்பாத வேளையில் மறுக்கும் விமானியை அந்தப் பொறுப்பாளர் வெளிப்படையாக ஆதரிக்கவும் வேண்டும்.

ஹெலிகாப்டரைச் சுற்றி ஒரு நடை

பணி ஏற்கும்போது விரிவான ஆய்வு முடிந்திருந்தாலும், ஏறுமுன் ஒருமுறை சுற்றி வர வேண்டும். இது ஒரு நிமிடத்துக்குள் முடியும். மின்னூட்டக் கம்பி பிடுங்கப்பட்டதா, சுழலித் தகடுகளின் கட்டுகளும் காற்றழுத்தக் குழாயின் உறையும் அகற்றப்பட்டனவா, எரிபொருள் மூடி, என்ஜின் மூடிகள், கதவுகள், சாமான் அறை ஆகியவை பூட்டப்பட்டனவா, வால் சுழலியின் அருகில் ஆள் உண்டா என்று தொட்டும் பார்த்தும் வாருங்கள். நடுவில் யாராவது கேள்வி கேட்டால், பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து தொடங்குங்கள். கைப்பேசி இந்த வேளையில் அணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

பிறகு எழுதலாம் என்பவையும் எழுதக் கூடாதவையும்

பயண நேரங்கள், கட்டண விவரங்கள், மருத்துவக் குழுவின் அறிக்கைகள் போன்றவை பறப்பின் பாதுகாப்பைத் தீர்மானிப்பதில்லை. அவற்றைத் திரும்பிய பிறகு எழுதலாம். நிலையத்தின் முன்-பறப்புப் படிவத்தில் இத்தகைய கட்டங்கள் இருந்தால், அவற்றை வேறு தாளுக்கு மாற்றும்படி நிறுவனத்திடம் கேளுங்கள். தேவையற்ற கட்டங்கள் நிறைந்த படிவமே தேவையான கட்டங்களையும் மனிதர் அலட்சியமாக நிரப்பக் காரணமாகிறது. ஆனால் இடர் மதிப்பீட்டையும் வானிலை, எரிபொருள் எண்களையும் பறந்து திரும்பிய பின் நிரப்புவது பொய்ச் சான்று. பயணத்தில் கண்ட குறைபாட்டை அடுத்த பயணத்துக்கு முன் பதிவேட்டில் எழுதியாக வேண்டும்.

புதிதாக வரும் விமானிகளுக்கு, அழைப்பில்லாத நாளில் இந்த முழு வரிசையையும் கடிகாரம் வைத்துப் பயிற்சி கொடுக்கலாம். வேகத்தைக் கூட்டுவதற்காக அப்படிச் செய்ய வேண்டியதில்லை. அமைதியாகச் செய்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று அனைவரும் அறிந்துகொள்வதே அதன் பயன். அந்த நேரத்தை மருத்துவமனைகளுக்கும் ஆம்புலன்ஸ் மையத்துக்கும் நேர்மையாகத் தெரிவித்துவிட்டால், அவர்கள் அதை வைத்தே திட்டமிடுவார்கள். சாலை வழியே அனுப்புவது விரைவு என்று தோன்றினால் அப்படியும் முடிவெடுப்பார்கள்.

நோயாளியை மருத்துவமனையில் இறக்கிய பிறகு மூவரும் வீடு திரும்பும் மனநிலைக்கு வந்துவிடுவார்கள். அப்போது நோயாளியின் அவசரம் இல்லை. ஆனால் களைப்பும், பணி நேரம் முடியப் போகிறது என்ற எண்ணமும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கட்டத்துக்கும் வானிலையை மீண்டும் எடுத்து, எரிபொருளை மீண்டும் பார்த்து, எழுதிய பின்னரே என்ஜினை இயக்குங்கள். மேகம் வரம்புக்குக் கீழே இருந்தால் அந்த மருத்துவமனையிலேயே காத்திருங்கள். நிலையம் திரும்பியதும், ஓய்வுக்குச் செல்லுமுன், எரிபொருளை நிரப்பி, அளவை எழுதி, அடுத்த அழைப்புக்கான படிவத்தில் மாறாத பகுதிகளைப் புதிய நேரத்தோடு நிரப்பி மேசையில் வையுங்கள்.